எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

(கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், விடாத மழை. நான் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தேன். இரண்டு வயதுப் பேத்திக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் உடம்பு சுட ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. மருமகள் அதைக் குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்த்தாள். 38.9 என்று காட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே 38.9. என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, “காய்ச்சல்னா நூறுக்கு மேல காட்டோணும். இது முப்பத்தெட்டுல நிக்குது. மெஷின் கெட்டுப்போச்சாட்ட இருக்குது” என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் ஈரத்துணி போடுவதுமாக இரண்டு பேரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். காலையில் டாக்டரிடம் போனபோது 103. மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் குழந்தை சரியாகிவிட்டாள்.

அந்தக் கருவி கெட்டுப்போகவில்லை. 38.9 டிகிரி செல்சியஸ் என்றால் 102 டிகிரி ஃபாரன்ஹீட். ராத்திரி பத்து மணிக்கே அது சரியான செய்தியைச் சொல்லிவிட்டது, கேட்டவர்களுக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. அதில் எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு அளவையும் மாற்றும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு தாய் ராத்திரியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைத் தேடுவாள் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அன்று சொல்லாததைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நாம் இரண்டு அளவுகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஏ.சி. ரிமோட்டில் 24 என்று வைக்கிறோம், அது செல்சியஸ். உடம்பு சுட்டால் “நூத்தி ரெண்டு அடிக்குது” என்கிறோம், அது ஃபாரன்ஹீட். கொதிக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 100 என்கிறது, மறுபடி செல்சியஸ். சித்திரை மாதத்துச் செய்தித்தாளைப் பிரித்தால் “ஒன்பது ஊர்களில் சதமடித்த வெயில்” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அது ஃபாரன்ஹீட். அந்தச் செய்தியின் கீழேயே வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு இருக்கும், அது செல்சியஸ். கொரோனா காலத்தில் கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஜவுளிக்கடை வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினால் 97.3, பக்கத்து மளிகைக் கடையில் நீட்டினால் 36.3. இரண்டும் ஒரே சூடுதான்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்தது ஃபாரன்ஹீட். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. ஆனாலும் நம் பாட்டிமார் ஐம்பது பைசாவைக் கடைசி வரை எட்டணா என்றுதான் சொன்னார்கள். நாணயம் மாறினாலும் நாக்கு மாற நாளாகிறது. காய்ச்சலிலும் வெயிலிலும் நம் நாக்கில் நிற்பது அந்தப் பழைய எட்டணாதான். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எட்டணா என்றால் ஐம்பது பைசா என்று பாட்டிக்குத் தெரிந்திருந்ததே, அந்தத் தெளிவு இதிலும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் கணக்கு பாதி புரிந்துவிடும். டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1686-இல் டான்சிக் நகரத்தில் பிறந்தவர். இன்று அது போலந்தில் இருக்கிறது, பெயர் கதான்ஸ்க். அவருக்குப் பதினைந்து வயதாகும்போது, விஷக் காளானைத் தின்று அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இறந்துபோனார்கள். வியாபாரம் பழகுவதற்காகப் பையனை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய மனம் கண்ணாடிக் குழாயிலும் கருவிகளிலும் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒருவர் செய்த வெப்பமானியும் இன்னொருவர் செய்த வெப்பமானியும் ஒரே அறையில் வேறு வேறு எண்ணைக் காட்டும். இரண்டு கருவிகள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேலையாக இருந்தது. 1714 வாக்கில் பாதரசத்தை வைத்து நம்பகமான வெப்பமானியைச் செய்தார். 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தன் அளவை எழுதி அனுப்பினார்.

அவர் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிர் ஒன்று, அதற்கு 0. வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்தது இரண்டாவது, அதற்கு 32. நல்ல உடல்நிலையில் இருக்கும் மனிதனின் வாயில் அல்லது அக்குளில் வைத்தால் ஏறும் சூடு மூன்றாவது, அதற்கு 96. முப்பத்திரண்டுக்கும் தொண்ணூற்றாறுக்கும் நடுவே 64 பாகம். அறுபத்து நான்கைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி என்று ஆறு தடவை மடித்தால் ஒன்று வந்துவிடும். கண்ணாடிக் குழாயில் கையால் கோடு போடுகிறவருக்கு அது எவ்வளவு வசதி! நாம் இன்று பாடமாக நெட்டுரு போடும் 32, ஒரு கைவினைஞரின் பட்டறையிலிருந்து வந்த எண். பின்னால் வந்தவர்கள் தண்ணீர் கொதிக்கும் இடத்தை 212 என்று கெட்டியாக நிறுத்தினார்கள். 212-இல் 32 போனால் 180.

ஆண்டர்ஸ் செல்சியஸ் ஸ்வீடனின் உப்சாலா நகரத்து வானியல் பேராசிரியர். 1742-இல் அவர் தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே நூறு பாகம் போட்டார். ஒரு விசேஷம், அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்திருந்தார். 1744-இல் அவர் காலமான பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். சென்டிகிரேட் என்று நாம் பள்ளியில் படித்த பெயரை மாற்றி, 1948-இல் உலக நாடுகள் கூடி அவருடைய பெயரையே வைத்தன.

ஒரே தூரத்தை ஒருவர் 100 அடியாகவும் இன்னொருவர் 180 அடியாகவும் எடுத்து வைக்கிறார்கள். செல்சியஸ் ஓர் அடி வைத்தால் ஃபாரன்ஹீட் 1.8 அடி வைக்க வேண்டும். தவிர, ஒருவர் 0-இல் நிற்கும்போது மற்றவர் 32-இல் நிற்கிறார். அடியின் நீளம் ஒன்று, கிளம்பிய இடம் ஒன்று. இந்த இரண்டும்தான் அந்தச் சூத்திரம், வேறு ஒன்றும் அதில் இல்லை.

இதைக் காகிதம் இல்லாமல் செய்ய ஒரு வழி. செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 35 டிகிரியை எடுத்துக்கொள்வோம். இரட்டித்தால் 70. பத்தில் ஒன்று 7, போனால் 63. முப்பத்திரண்டு கூட்டினால் 95. இது ஏறத்தாழ வரும் கணக்கு இல்லை, அச்சாக வரும் கணக்கு. இரட்டித்துப் பத்தில் ஒன்று குறைப்பதுதானே 1.8 மடங்கு. திரும்பி வருவதற்கு, முதலில் 32-ஐக் கழித்துவிட்டுப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் ஒன்பதில் ஒரு பங்கை அதோடு சேருங்கள். 104-இல் 32 போனால் 72, பாதி 36, அதில் ஒன்பதில் ஒன்று 4, கூட்டினால் 40.

இரட்டித்து 30 கூட்டினால் போதும் என்று ஒரு சுருக்கு வழியைச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நம் ஊரில் பயன்படுத்தாதீர்கள். 10 டிகிரி செல்சியஸில் அது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அது குளிர் நாட்டுக்காரர்களுக்கான வழி. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறும். 40 டிகிரி வெயிலை 110 என்று காட்டும், உண்மையில் அது 104. காய்ச்சலுக்கு இந்த வழியைப் போட்டால் 39-ஐ 108 என்று சொல்லிப் பெற்றவர்களின் உயிரை வாங்கிவிடும். அது வெறும் 102.2.

கணக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓர் ஏணி சொல்கிறேன். 0-க்கு 32, 10-க்கு 50, 20-க்கு 68, 30-க்கு 86, 40-க்கு 104. ஒவ்வொரு படிக்கும் பதினெட்டு, அரைப் படிக்கு ஒன்பது. எனவே 35-க்கு 95, 45-க்கு 113. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான வெயில் அந்த 45 டிகிரிதான். 113 என்று சொன்னால் வயதானவர்களுக்கு அந்த நாள் உடனே நினைவுக்கு வரும். பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு ஜோடி தருகிறேன், விளையாட்டாக மனதில் நிற்கும். 16-ஐத் திருப்பினால் 61, 28-ஐத் திருப்பினால் 82. இரண்டும் ஏறக்குறையச் சரி. மைனஸ் 40-இல் இரண்டு அளவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் சி, எஃப் என்ற எழுத்தே தேவையில்லை. ஆனால் பாதரசமே மைனஸ் 39-க்குச் சற்று முன்னால் உறைந்துவிடுகிறது என்பதால், அந்தச் சந்திப்பைப் பாதரச வெப்பமானியில் பார்க்க முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சூத்திரம் தெரிந்தவர்களும் தவறி விழும் பள்ளம் இது.

எங்கள் பக்கம் கோழிப்பண்ணை இல்லாத ஊர் கிடையாது. பொரித்த குஞ்சு பண்ணைக்கு வந்ததும் தகரத் தகட்டை வட்டமாக நிறுத்தி, உமியைப் பரப்பி, அதன் மேல் காகிதம் விரித்து, நடுவே குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். முதல் வாரம் 95 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இது ஃபாரன்ஹீட் கணக்கு. என்னிடம் படித்த ஒரு பையன், அப்பாவின் பண்ணையைக் கவனிக்க ஆரம்பித்த புதிதில் என்னிடம் வந்தான். கடையில் செல்சியஸ் காட்டும் கருவிதான் கிடைத்ததாம். “சார், தொண்ணூத்தஞ்ச மாத்தினா முப்பத்தஞ்சு வந்துருச்சுங்க. அஞ்சு டிகிரியை மாத்தினா மைனஸ் பதினஞ்சு வருதுங்க. வாரத்துக்கு மைனஸ் பதினஞ்சு எப்படிங்க குறைக்கிறது?” என்று கேட்டான்.

அவன் சூத்திரத்தைச் சரியாகத்தான் போட்டிருந்தான். ஐந்திலிருந்து 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் மைனஸ் 15 வரத்தான் செய்யும். 5 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிற குளிர் அதுதான். ஆனால் அவன் கேட்டது ஒரு சூட்டை இல்லை, சூட்டின் வித்தியாசத்தை. 5 டிகிரி குறைப்பது என்றால் கிளம்பிய இடத்துக்கு அங்கே வேலை இல்லை, அடியின் நீளம் மட்டும்தான். ஐந்தை 1.8-ஆல் வகுத்தால் போதும், 2.8 டிகிரி செல்சியஸ். முதல் வாரம் 35, இரண்டாம் வாரம் முப்பத்திரண்டு சொச்சம், மூன்றாம் வாரம் முப்பதுக்குச் சற்றுக் கீழே. அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். கருவியை நம்பு, ஆனால் குஞ்சையும் பார். குளிரடித்தால் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவியும். சூடு அதிகமானால் தகட்டோரம் போய் வாயைத் திறந்து இரைக்கும். பரவலாக நின்று தீனி தின்றால் சூடு சரி. மாற்றிப் போட்ட எண் தப்பாக இருந்தால் குஞ்சுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வேற்றுமை மனதில் பதிய, நம் கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரசுக் காகிதங்களில் திருவள்ளுவர் ஆண்டு போடுகிறார்கள் அல்லவா? ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. 2000 என்றால் 2031. ஆனால் ஒருவர் பத்து வருஷம் உத்தியோகம் பார்த்தார் என்றால், திருவள்ளுவர் கணக்கில் அவர் 41 வருஷம் உத்தியோகம் பார்த்தார் என்று யாராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம். ஆண்டைச் சொல்லும்போது 31 கூடும், ஆண்டுகளின் இடைவெளியைச் சொல்லும்போது கூடாது. வெப்பத்திலும் அப்படியே. சூட்டைச் சொல்லும்போது 32 உண்டு, வித்தியாசத்தைச் சொல்லும்போது 32 கிடையாது.

பள்ளிப் புத்தகங்களில் முன்னதற்குக் கணக்கு நிறைய இருக்கும், பின்னதற்கு அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. வாழ்க்கையில் நாம் கேள்விப்படுவதில் பாதி வித்தியாசம்தான். நேற்றைவிட எவ்வளவு கூட, இயல்பைவிட எவ்வளவு கூட, மாத்திரை கொடுத்த பிறகு எவ்வளவு இறங்கியது. பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள முயல வேண்டும் என்று 2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அந்த 1.5 செல்சியஸ் என்பது 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றம். சூத்திரத்தை அப்படியே போடுகிறவருக்கு 34.7 என்று வரும். பூமி அத்தனை ஏறினால் பேசுவதற்கு ஆளே மிஞ்சாது.

கோடையில் பத்திரிகை படிக்கிற விவசாயியின் இடத்தில் இருந்து பாருங்கள். நேற்று ஊரில் 100 டிகிரி என்று தலைப்பில் இருக்கிறது. அடுத்த பத்தியில், வரும் நாட்களில் வெப்பம் 3 டிகிரி வரை கூடலாம் என்று இருக்கிறது. நாளைக்கு 103 என்று அவர் எடுத்துக்கொள்வது நியாயம்தானே? ஆனால் முதல் எண் ஃபாரன்ஹீட், இரண்டாவது எண் செல்சியஸ். 3 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 5.4 ஏறும். நாளைக்கு 105-ஐத் தாண்டும். மதியம் களை எடுக்க ஆள் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவருக்கு இந்த இரண்டரை டிகிரி சின்ன விஷயம் இல்லை. அதுவும் வெயில் என்று நாம் சொல்கிற அந்த எண்ணை வெயிலில் வைத்து அளப்பதில்லை. வெள்ளையடித்த, காற்றோட்டம் உள்ள மரப்பெட்டிக்குள், நிழலில் அளந்த காற்றின் சூடு அது. வயலில் நிற்கிறவரின் முதுகில் விழுவது அதைவிடக் கடுமை.

வானிலைத் துறை சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, அதிகபட்ச வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30. அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். 6.4-ஐத் தாண்டினால் கடுமையான வெப்ப அலை. இதை ஃபாரன்ஹீட்டில் சொல்வதானால் 40 என்பது 104, 4.5 என்பது 8.1. முதலாவது சூடு, இரண்டாவது வித்தியாசம். ஒரே வாக்கியத்தில் இரண்டு வகையும் வருவதைக் கவனியுங்கள். பத்திரிகை நண்பர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். “சதம்” என்று எழுதுவதை நான் ரசிக்கிறேன், மக்களுக்கு அது பட்டென்று புரிகிறது. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு என்று அந்தப் பட்டியலைப் படித்தே வளர்ந்தோம். அப்படியே எழுதுங்கள். ஆனால் ஒரே செய்தியில் இரண்டு அளவையும் கலக்கும்போது பக்கத்தில் பெயரைப் போடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் வேறு மாதிரி நடக்கிறது. அமெரிக்காவில் வானிலை, சமையல், காய்ச்சல் எல்லாமே ஃபாரன்ஹீட். ஜனவரியில் சிகாகோவிலிருந்து மகன் “இன்னைக்கு இருபது டிகிரிதாம்மா” என்கிறான். அம்மா கொடைக்கானலை நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறாள். அவன் சொன்ன இருபது, உறைநிலைக்கும் கிட்டத்தட்ட ஏழு டிகிரி செல்சியஸ் கீழே. சித்திரையில் அம்மா திருச்சியிலிருந்து “இங்கே நாற்பது டிகிரி” என்றால், அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் அதைக் குளிர்காலம் என்று நினைத்துக்கொள்வான். அவனுக்கு நாற்பது என்றால் ஸ்வெட்டர் போடுகிற நாள்.

அடுப்பிலும் இது உண்டு. அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து கேக் செய்கிற நம் பெண்கள் 350 டிகிரி என்று படிக்கிறார்கள். நம் வீட்டு மின்சார அடுப்பின் திருகில் 250-க்கு மேல் எண்ணே இருக்காது. சரி, உள்ளதில் பெரியதை வைப்போம் என்று 250-இல் வைத்தால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். 350 ஃபாரன்ஹீட் என்பது 177 செல்சியஸ், 175-க்கோ 180-க்கோ வைத்தால் சரியாக வரும். கேக் அடுப்புக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது, பாதியாக்கினால் போதும். 160 டிகிரி செல்சியஸில் ஃபாரன்ஹீட் எண் மிகச் சரியாக இரட்டிப்பு, 320. அதன் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கணக்கு சில டிகிரிதான் பிசகும். அதே பாதிக் கணக்கைக் காய்ச்சலுக்குப் போடக் கூடாது. அதிரசப் பாகுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிற நம் வழக்கத்துக்கு எந்த டிகிரியும் வேண்டாம்.

இனி உடம்பின் கணக்கு. 98.6 என்ற எண்ணை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், பழைய ஆட்கள் 98.4 என்பார்கள். இதில் அந்தத் தசமத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ மிக நுட்பமாக அளந்து கண்டுபிடித்தது என்று நினைத்துவிடுகிறோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் அளவுகளைச் சேர்த்து 1868-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னது 37 டிகிரி செல்சியஸ். அந்த முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆறு மாற்றும்போது முளைத்தது, அளக்கும்போது கிடைத்தது இல்லை. 1992-இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களை அளந்தபோது சராசரி 98.2 வந்தது. காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. எனவே 98.8 காட்டினால் பதற வேண்டியதில்லை.

100.4-ம் அப்படியே. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பது மருத்துவ விதி. அது என்ன 100.4 என்று கேட்டால், அது 38 செல்சியஸ், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 37-க்கு 98.6, 38-க்கு 100.4, 39-க்கு 102.2, 40-க்கு 104. நடுவே எது வந்தாலும் அரை டிகிரி செல்சியஸுக்கு 0.9 கூட்டிக்கொள்ளுங்கள். செல்சியஸில் 38-க்கும் 39-க்கும் நடுவே ஒரே ஓர் எண்தான் தள்ளி இருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. நம் பழைய கணக்கில் அது கிட்டத்தட்ட இரண்டு டிகிரி.

பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் ஒரு நன்மை இருந்தது. 94-இலிருந்து 108 வரை ஒரு பக்கம், 35-இலிருந்து 42 வரை இன்னொரு பக்கம் என்று பல கருவிகளில் இரண்டு அளவும் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பாதரசம் நஞ்சு என்பதால் உலகம் அதைக் கைவிட்டு வருகிறது, அது சரியான முடிவு. ஆனால் டிஜிட்டல் கருவியில் ஓர் எண்தான் தெரியும். அதன் ஓரத்தில் சி என்றோ எஃப் என்றோ கடுகளவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பல கருவிகளில் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். குழந்தை எடுத்து விளையாடினாலே மாறிவிடும். அன்று என் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் போனது அந்தக் கடுகளவு எழுத்துதான்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்து உங்கள் தெர்மாமீட்டரை எடுத்துப் பாருங்கள். அந்த எழுத்து எங்கே இருக்கிறது, இப்போது எதில் நிற்கிறது, எப்படி மாற்றுவது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள், முக்கியமாகப் பாட்டிக்கு. நான் சொன்ன நான்கு ஜோடி எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டாக்டரிடம் சொல்வதற்காகக் காய்ச்சலைக் குறித்து வைக்கும்போது நேரத்தையும் எண்ணையும் எழுதி, எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எழுத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.